உள்ளிருந்து விழுந்த சொட்டை

மதுரையில் கார் வைத்திருப்பவர்களுக்குச் சொட்டை புதிதல்ல. கீழமாசி வீதிப் பக்கம் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும். காளவாசல் சிக்னலில் ஷேர் ஆட்டோ உரசிவிட்டு, நம்மையே முறைத்துவிட்டும் போகும். இதெல்லாம் வெளியிலிருந்து வருவது. யாரோ இடித்தார்கள், தகரம் உள்ளே போனது, பட்டறையில் விட்டால் வெளியே எடுத்துத் தருவார்கள். ஆனால் மட்கார்டு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தால் விஷயம் வேறு. இடித்த ஆள் வண்டியிலேயேதான் இருக்கிறான். அவனை விட்டுவிட்டுத் தகரத்தை மட்டும் தட்டினால் கொஞ்ச நாளில் திரும்பவும் அதே பட்டறை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினார். வண்டி நல்ல வண்டி. ஆனால் முன்னால் வைத்திருந்த பையன் அதன் சொந்த ரிம்மைக் கழற்றிவிட்டு, அகலமான அலாய் ரிம்மும் அதற்கேற்ற தடி டயரும் மாட்டிப் பளபளவென்று நிறுத்தியிருந்தான். மாப்பிள்ளை மயங்கியது வண்டியைப் பார்த்தா, அலாயைப் பார்த்தா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடியாத விவாதம். வாங்கிய நாளிலிருந்து டவுனுக்குள் ஓடியது, திருமங்கலம், கள்ளிக்குடி என்று வேலைக்குப் போய் வந்தது. ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திண்டுக்கல் வழியாகச் சிறுமலைக்குப் போனார்கள். அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மலைவாழைத் தார் வேறு. வலதுபக்கம் திரும்பும் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபோது முன் இடதுபக்கம் ‘கர்ர்’ என்று ஆரம்பித்து ‘டமார்’ என்று முடிந்திருக்கிறது. இறங்கிப் பார்த்தால், சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் விளிம்பு, கதவை ஒட்டிய பாதியில், பழம்பாயின் ஓரம் பிரிந்து எழுந்த மாதிரி வெளியே மடங்கி நின்றது. அதற்கு மேலே தகரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிதுங்கி, பெயிண்ட் நரம்பு நரம்பாக வெடித்திருந்தது.

அந்த இடம் முக்கியம். டயர் எங்கே உரசியது என்பதே எப்போது உரசியது என்பதைச் சொல்லிவிடும். ஸ்டீயரிங்கை வலதுபக்கம் ஒடித்தால் இடது முன்சக்கரத்தின் முன்பாதி வண்டிக்குள்ளே போகும், பின்பாதி வெளியே தள்ளிக்கொண்டு வரும். அதாவது கதவை ஒட்டிய பாதியில் காயம் இருந்தால் வலது திருப்பத்தில் பட்ட அடி. இடதுபக்கம் ஒடிக்கும்போது உரசினால் காயம் பம்பரை ஒட்டிய முனையில் இருக்கும். நட்ட நடுவில், சக்கரத்தின் உச்சிக்கு நேர் மேலே தேய்ந்திருந்தால் திருப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாரத்தினாலோ, பள்ளத்தில் விழுந்தோ ஸ்பிரிங் முழுக்க அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. வண்டி முன்னால் போகும்போது டயரின் பின்பாதி கீழிருந்து மேலே ஏறும், முன்பாதி மேலிருந்து கீழே இறங்கும். ரிவர்ஸில் இது தலைகீழ். அதனால்தான் சில வண்டிகளில் பார்க்கிங்கிலிருந்து பின்னால் எடுக்கும்போது மட்டும் பம்பரின் ஓரம் கிளிப்போடு பிய்ந்துகொண்டு வருகிறது. ஓட்டியவர் ‘நான் எங்கேயும் இடிக்கவே இல்லையே’ என்று சத்தியம் செய்வார். உண்மையாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் பிடிக்கவில்லை. “மச்சான், தட்டி பெயிண்ட் அடிச்சாச் சரியாப் போச்சு. ஊர்ல பாக்குறவன் எல்லாம் எங்க இடிச்சீங்கன்னு கேக்குறான்” என்றார். அவர் காட்டிய முதல் பட்டறையிலும் அதையேதான் சொன்னார்கள். சுத்தியலால் உள்ளே தள்ளி, மேலே பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசி, சாயங்காலமே பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்றார்கள். அடுத்துப் பார்த்த இடத்தில் கொஞ்சம் நவீனமானவர்கள். சக்கரம் மாட்டும் ஹப்பில் ரோலர் ஒன்றைப் பொருத்தி, மட்கார்டின் உள்மடிப்பை நான்கு பக்கமும் மேலே தள்ளி மடித்துவிட்டால் டயருக்கு இடம் கிடைத்துவிடும் என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒருவர்கூட வலதுபக்கம் போய்க் குனிந்து பார்க்கவில்லை.

எனக்கு உறுத்தியது அதுதான். இரண்டு பக்கமும் ஒரே ரிம், ஒரே டயர். 18 வளைவு என்றால் இடமும் வலமும் மாறி மாறித்தானே வரும்? வலது சக்கரம் ஏன் உரசவில்லை? வலதுபக்க மட்கார்டின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். அழுக்கு அப்படியே இருந்தது, தேய்ந்த தடமே இல்லை. அலாய் மட்டுமே குற்றவாளி என்றால் இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்க வேண்டும்.

அலாயின் பங்கு எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டுவிடலாம். டயர் அளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த வண்டியோடு வந்த அளவு 165/80 ஆர் 14. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதில் 80 சதவீதம், அதாவது 132, பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 264. அதோடு 14 அங்குல ரிம்முக்கு 356. மொத்த விட்டம் 620 மில்லிமீட்டர். பையன் மாட்டியிருந்தது 205/60 ஆர் 15. அதே வழியில் கூட்டினால் 246-உம் 381-உம், மொத்தம் 627. வித்தியாசம் வெறும் 7 மில்லிமீட்டர். சக்கரத்தின் உச்சியில் பாதிதான் வரும், அதாவது மூன்றரை. இதை மட்டும் பார்த்தால் ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்று தோன்றும். டயர் கடையில் அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கோளாறு அகலத்தில். 205-இல் 165 போனால் 40. அதில் பாதி, 20 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் வரும். அதோடு நின்றதா? ரிம்மின் உட்புறத்தில் ‘ஈடி’ என்று போட்டு ஒரு எண் அச்சாகியிருக்கும். அதுதான் ஆஃப்செட். ஹப்பில் போல்ட் ஆகும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. எண் குறையக் குறைய சக்கரம் வண்டிக்கு வெளியே நகரும். இந்த அலாயின் எண், பழைய ரிம்மை விடப் பத்து குறைவு. ஆக டயரின் வெளிப்பக்கம் மொத்தம் 30 மில்லிமீட்டர், அதாவது மூன்று சென்டிமீட்டர் மட்கார்டை நோக்கி வந்துவிட்டது. டயருக்கும் மடிப்புக்கும் நடுவே கம்பெனி விட்டிருந்த இடம் அநேகமாகத் தீர்ந்துபோனது. இதற்கு மேல், சக்கரத்தை இன்னும் வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு வேறு போடுகிறவர்களை என்ன சொல்வது? பாதுகாப்பை விடுங்கள், அந்தப் போல்ட்டுகள் மேல் எவ்வளவு பாரம் ஏறும் என்றாவது யோசிக்க வேண்டாமா?

இவ்வளவு நெருக்கம் இருந்தும் வலதுபக்கம் தப்பித்தது. அப்படியானால் இடதுபக்கம் வேறு ஏதோ இருக்கிறது.

பழங்காநத்தம் பக்கம் ஒரு சந்தில் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். வயதானவர், பேச்சு குறைவு. பிதுக்கத்தைப் பார்த்தார். பெயிண்ட் வெடிப்பைத் தடவினார். சுத்தியலை எடுப்பார் என்று பார்த்தால் இஞ்ச் டேப்பை எடுத்தார். “தம்பி, தகரம் எங்கிட்டும் ஓடிப்போயிராது. மொதல்ல எது தூக்கி அடிச்சதுன்னு பாப்போம்.”

அவர் அளந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். நாம் அளந்தால் தரையிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளப்போம். அது தப்புக் கணக்கு. டயரில் காற்று குறைந்திருந்தால், தரை சரிவாக இருந்தால், எல்லாம் மாறிவிடும். அவர் சிமென்ட் தளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்கை இயல்புக்கு வரவிட்டு, சக்கரத்தின் நட்டநடுப் புள்ளியிலிருந்து நேர் மேலே மடிப்பு வரைக்கும் அளந்தார். வலதுபக்கம், அப்புறம் இடதுபக்கம். இடதுபக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் சமம். டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “இது என் வேல இல்ல. பக்கத்துல மெக்கானிக் தம்பிகிட்ட ஸ்பிரிங்க கழட்டிப் பாக்கச் சொல்லுங்க” என்றார்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் இடது ஸ்ட்ரட்டைக் கழற்றி வெளியே எடுத்தபோது ஸ்பிரிங் பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. அடியில் அது உட்காரும் தட்டைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது, கடைசிச் சுற்று ஒடிந்து தனியாகக் கிடந்தது. மெக்கானிக் அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். ஒடிந்த முகத்தில் பாதி கறுத்துத் துருவேறியிருந்தது, மீதிப் பாதி புது இரும்பாக மின்னியது. துருப்பிடித்த பாதி என்றைக்கோ விரிசல் விட்டது. மின்னிய பாதி சிறுமலையில் போனதாக இருக்கலாம், அதற்குச் சில நாள் முன்னாலும் போயிருக்கலாம். ஸ்பிரிங்கின் மேல்பூச்சு கல் பட்டு உரியும், அந்தத் தட்டில் சேறும் தண்ணீரும் தங்கும், அரித்து அரித்து ஒரு நாள் ஒடியும். கடைசிச் சுற்று என்பதால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடாது. ஒரு பக்கம் லேசாகத் தாழும், யாருக்கும் தெரியாது. சாதாரண டயராக இருந்திருந்தால் அடுத்த சர்வீஸ்வரைக்கும்கூட ஓடியிருக்கும். மூன்று சென்டிமீட்டர் வெளியே துருத்திய டயருக்கு அந்த ஒன்றரை சென்டிமீட்டர் போதுமானதாகிவிட்டது. இறக்கத்தில் பிரேக் அடித்தால் பாரம் முன்னால் வரும், வலதுபக்கம் திரும்பினால் இடதுபக்கம் சாயும். இரண்டும் ஒன்றாகச் சேரும் மூலை முன் இடது சக்கரம்தான்.

மட்கார்டை மடித்துத் தருகிறோம் என்றவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால், உடைந்த ஸ்பிரிங்கோடு, உரசும் சத்தமும் இல்லாமல், நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்போம். ஒடிந்த முனை எங்காவது டயரில் குத்தும்வரை.

ஸ்பிரிங் மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் ஒரே உயரத்தில் நிற்காது. சுருக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும், அதனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரெஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டைப் பிரிக்கிற இடத்தில் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். இவ்வளவுதான், மெக்கானிக் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ருசியான வேலை மரத்தடியில் நடந்தது.

முதலில் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் லைனரைக் கிளிப் கிளிப்பாக எடுத்தார். பின்னால் இருந்து காய்ந்த கரிசல்மண் கட்டி கட்டியாக விழுந்தது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் மழைக்காலத்தில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், அந்த மண் ஈரத்தில் எதில் ஒட்டினாலும் விடாது, காய்ந்தால் கல். லைனருக்குப் பின்னால் அப்பிக்கொண்டு லைனரையே டயர் பக்கம் தள்ளிவிடுவதும் உண்டு. உரசும் சத்தத்துக்குச் சில வண்டிகளில் காரணமே இவ்வளவுதான், ஒரு குடம் தண்ணீரில் தீரும். அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்து மடிப்பைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் எப்படியும் எடுத்துவிட வேண்டும்.

முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கும் பாகம். பானெட் ஓரத்தில் சில, கதவைத் திறந்தால் தெரிகிற இடத்தில் ஒன்றிரண்டு, அடியில், பம்பர் பக்கம் என்று கழற்றினால் தனியாக வந்துவிடும். ரொம்ப நசுங்கியிருந்தால் புதுசே வாங்கி மாட்டிவிடலாம், பெரிய செலவில்லை. நான் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “கம்பெனி தகரம் இது. கதவுக்கும் இதுக்கும் கோடு எப்புடி நிக்கிது பாருங்க. டூப்ளிகேட் வாங்கி மாட்டுனா இந்தக் கோடு வராது.” கம்பெனிப் பாகமே வாங்கலாம்தான். ஆனால் இதைத் தட்டி எடுக்க முடியும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அதற்கு மேல் பேசிப் பயனில்லை.

காரின் வெளித்தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை உள்ளிருந்து டயர் இழுத்து நீட்டியிருக்கிறது. சும்மா உள்ளே தள்ளினால் நீண்ட தகரத்துக்குப் போக இடமில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் ‘டப்’ என்று எழும். எண்ணெய் டின்னின் அடியை அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். அவசரப் பட்டறைகள் இந்த இடத்தில்தான் பட்டியை எடுக்கின்றன. பள்ளம் எவ்வளவோ அவ்வளவு பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் பார்வைக்கு மொழுமொழுவென்று இருக்கும். ஒரு வெயில் காலம் தாண்டியதும் ஓரத்தில் கோடு விடும், அப்புறம் அப்படியே பொரிந்து விழும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவது இதற்காகத்தான். தடித்த பட்டிக்கு மேல் காந்தம் நிற்காது.

அண்ணன் செய்தது வேறு. சொட்டை விழுந்த வரிசைக்கு எதிர்வரிசையில் எடுத்தார். கடைசியாக மடங்கியது விளிம்பு, அதனால் முதலில் விளிம்பு. டாலி என்கிற இரும்புக் கட்டையை உள்ளே முட்டுக்கொடுத்து, வெளியிலிருந்து அகலமுகச் சுத்தியலால் தட்டினார். அடிப்பது என்று சொல்ல முடியாது. மணிக்கட்டு மட்டும் ஆடியது. விளிம்பு பழைய வளைவுக்கு வந்த பிறகுதான் பிதுக்கத்தைத் தொட்டார். அதையும் உச்சியில் ஆரம்பிக்கவில்லை. சுற்றுவட்டத்தில் தட்டி, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே நடுவுக்கு வந்தார். டாலியைச் சுத்தியலுக்கு நேர் எதிரே வைத்தால் தகரம் நசுங்கி இன்னும் நீளும். கொஞ்சம் தள்ளி வைத்தால் மேடு இறங்கும், பள்ளம் ஏறும். எப்போது நேரே, எப்போது தள்ளி என்பதை அவர் பார்த்துத் தீர்மானித்த மாதிரித் தெரியவில்லை. சத்தத்தைக் கேட்டுக் கையை நகர்த்தினார்.

இருந்தும் நடுவில் ஒரு இடம் ‘டப் டப்’ என்றுகொண்டே இருந்தது. அங்கே பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு, கேஸ் தீயால் எட்டணா அளவுக்கு மட்டும் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் நாலு தட்டு தட்டி, உடனே ஈரத்துணியை வைத்து அழுத்தினார். சுர்ரென்று ஆவி எழுந்தது. சூட்டில் விரிந்து தடித்த தகரம் குளிரும்போது சுருங்கி, நீண்டுபோன மிச்சத்தை இழுத்துக்கொள்கிறது. அடுத்த தடவை கட்டைவிரலால் அமுக்கினார், சத்தம் இல்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். என் கையையும் பிடித்து வைத்தார். எனக்கு மழமழவென்றுதான் இருந்தது. அவர் “இங்கன ஒரு மேடு இருக்கு” என்று அரம் ஒன்றை லேசாக இழுத்தார், சரியாக அங்கே மட்டும் கோடு விழுந்தது.

பட்டியே போடவில்லை என்று சொல்ல மாட்டேன். மெல்லியதாக ஒரு பூச்சு போட்டார், அதில் பெரும்பகுதியைத் தேய்த்தே எடுத்துவிட்டார். அதற்கும் முன்னால் வெறும் இரும்பாகத் தெரிந்த இடத்துக்கெல்லாம் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். மடிப்பின் உட்பக்கத்துக்கும் சேர்த்து, ஏனென்றால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். பெயிண்ட் மட்டும் ஆடிக் காற்றால் தள்ளிப்போனது. மூடிய பூத் இல்லாத பட்டறையில் அந்த மாதத்தில் ஸ்ப்ரே அடித்தால் ஊர்ப் புழுதி எல்லாம் கடைசியாக அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டில் வந்து உட்காரும். காற்று எழும் முன்பே, வெள்ளனத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தார். வண்டி சில்வர் கலர். மெட்டாலிக்கில் சில்வர்தான் பேர்பெற்ற தொல்லை. கலர் கோடு பார்த்துக் கலந்தாலும் பழைய பெயிண்ட் வெயிலில் மங்கியிருக்கும். அதனால் மட்கார்டோடு நிறுத்தாமல் கதவின் முன்பகுதிவரை கலரை மங்கலாக இழுத்துவிட்டு, மேலே முழுக் கதவுக்கும் கிளியர் அடித்தார். உற்றுப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது. மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை, நானும் காட்டவில்லை.

ரோலர் போட்டு மடிப்பை நசுக்கும் யோசனையையும் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். முன்பக்கம் செய்யலாம் என்றார், ஒற்றைத் தகரம், ஹீட் கன்னால் பெயிண்ட்டைச் சூடேற்றிக்கொண்டு பையப் பைய மடித்தால் வெடிக்காமல் வரும். பின்பக்கம் கூடாது என்றார் கறாராக. பின்சக்கரத்துக்கு மேலே இருப்பது போல்ட்டில் நிற்கும் மட்கார்டு இல்லை, பாடியோடு வெல்டிங் ஆன பகுதி. அங்கே மடிப்பு என்பது வெளித்தகரமும் உள்தகரமும் சேர்ந்து ஒட்டிய இடம், நடுவில் தண்ணீர் புகாமல் சீலண்ட் போட்டிருப்பார்கள். ரோலர் அதை நெரித்தால் சீலண்ட் விட்டுவிடும். உள்ளே ஈரம் போகும், வெளியே தெரியும் நாளில் பாதி அரித்திருக்கும். அதைச் சரிசெய்ய வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

இன்ஷூரன்ஸ் கிடைக்காதா என்று மாப்பிள்ளை நடுவில் ஒரு தடவை கேட்டார். முழு பாலிசி இருந்தது. ஆனால் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் வராது. ஸ்பிரிங் ஒடிந்ததும் டயர் உரசியதும் அந்தக் கணக்கில்தான் போகும். டயருக்குத் தனியாக எதுவும் வராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் டயர் விலையில் பாதிக்கு மேல் இல்லை. இதற்கெல்லாம் மேலே நோ கிளெய்ம் போனஸ். முதல் வருடம் கிளெய்ம் இல்லை என்றால் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, ஐந்து வருடம் தொடர்ந்தால் 50. ஒரு மட்கார்டுக்காக அதை விடுவது பைத்தியக்காரத்தனம். அலாய் விஷயத்தை வேறு அவர்களே தோண்டியிருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது.

இந்த அமளியில் டயரை யாரும் கவனிக்கவில்லை. மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலையையே வைத்துக்கொண்டு, நம் ஊரில் டயரின் பக்கச்சுவரைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் அதில்தான் இருக்கும். இடது முன் டயரின் தோளில், அதாவது தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தில், மடிப்பு சீவிய தடம் ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. மேல் ரப்பர் மட்டும் போயிருந்தால் ஓட்டலாம். நகத்தால் கிளறிப் பார்த்தபோது உள்ளே நூல் தெரிந்தது. நூல் தெரிந்த டயருக்கு மருந்து கிடையாது. தகரத்தில் விழுந்த சொட்டையோடு வருடக்கணக்கில் ஓட்டலாம், இதோடு நான்குவழிச் சாலையில் ஏறக் கூடாது. மாப்பிள்ளை தயங்கியதும் இந்த இடத்தில்தான், இறங்கி வந்ததும் இந்த இடத்தில்தான். ஒரு டயர் மாற்றுவதற்குப் பதில் நான்கையும் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று சம்மதித்தார். பழைய இரும்பு ரிம் நான்கு தேடிப் பிடித்து, 165/80 டயர் போட்டோம். வண்டி கொஞ்சம் இளைத்த மாதிரித் தெரிகிறது, வாஸ்தவம். மைலேஜ் ஏறியிருக்கிறது என்று அவரே பிறகு சொன்னார்.

வேலை முடிந்ததும் சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. டயரின் தோளிலும் மடிப்பின் உட்புறத்திலும் சாக்பீஸால் நன்றாகப் பூசிவிட்டு, ஆள் நிரம்ப ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். உரசினால் அந்த இடத்தில் மட்டும் சாக்பீஸ் போயிருக்கும். ஓட்டிப் பார்க்க இடத்துக்கா பஞ்சம்? வேகத்தடை வட்டமாக, 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் வரையறுத்திருக்கிறது. நம் கிராமத்துச் சாலைகளில் ஊர்க்காரர்களே கொட்டிவைத்த தடைகளுக்கு அந்த வரையறை எட்டியதே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சுற்று போய், முழுக்க ஒடித்து ரிவர்ஸும் எடுத்து, திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். நான்கு சக்கரத்திலும் சாக்பீஸ் அப்படியே இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து வந்த அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அலாய் நான்கும் தங்கை வீட்டு மொட்டைமாடியில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கின்றன. விற்கப் போகிறேன் என்று மாப்பிள்ளை ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். வாங்க வருகிறவர்களிடம் எந்த வண்டிக்கு, ஆஃப்செட் எவ்வளவு என்று நான் விசாரிக்க ஆரம்பித்ததும் அவர்கள் அப்புறம் வருகிறோம் என்று போய்விடுகிறார்கள். இப்போதெல்லாம் பார்ட்டி வருகிற நாளில் எனக்குத் தகவல் வருவதில்லை.